அமாவாசைப் பூசணி

“நமது குடியிருப்புக்கு வாரம் இருமுறை கீரையும் காய்கறியும் வழங்கும் திருமதி வ. காசியம்மாள், தலைமுறை தலைமுறையாக இயற்கை வேளாண்மை செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். மண்ணையும் பசுவையும் மட்டுமே நம்பித் தூய முறையில் பயிர் செய்பவர்.”

கேளம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகை இப்படிச் சொன்னது. அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோணியை விரித்து, காசியம்மாள் உட்கார்ந்திருப்பாள். பொறை ரொட்டியை டீயில் முக்குவாள். ஊறி விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோவாள். விழுந்துவிட்டால் டீயைத் திட்டுவாள். இந்த வேலை முடியும்வரை யார் வந்து கீரை கேட்டாலும் பதில் வராது. கேட்டவர்கள் இதை மண்ணோடு வாழ்கிறவர்களின் நிதானம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்தது கூலி வேலை. அவளுடைய அப்பனுக்கு வாய்த்த நிலம் அவனைப் புதைத்த இடம்தான். அதுவும் ஊர்ப் பொது. தோட்டத்தில் மண் கிடையாது, முழுக்க மணல். பசுவும் கிடையாது. சின்ன வயதில் நடவுக்குப் போன இடத்தில் ஒரு பசு முட்டித் தள்ளியதிலிருந்து, எதிரே பசு வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். எருமை என்றால் பயமில்லை. ஆனால் எருமையைப் பலகையில் எழுதும் வழக்கம் எங்கும் இல்லை. ‘தூய முறை’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலகையை எழுதியது மூன்றாம் மாடி பிரதீபா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுகளில் நல்ல சாப்பாட்டைப் பற்றிய கூட்டங்களுக்குப் போய் வருகிறவள். ‘தூய’ என்ற சொல்லைத் தன் கையால் சேர்த்தவர் சங்கச் செயலாளர் சதாசிவம். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். பலகை வைத்த அன்று காசியம்மாள் அதை முழுதாகப் படித்தாள். ஐந்தாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டினால் எதையும் படித்துவிடுவாள். படித்து முடித்துவிட்டு, “யாரோ நல்ல பொம்பள போலகீது” என்றாள். அதோடு சரி.

தோட்டம் திருவிடந்தைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. சென்னைக்காரர் ஒருவர் மனை போட்டு விற்க வாங்கிய இடம் அது. கல் நட்டு, நம்பர் எழுதி, முகப்பில் வளைவு கட்டலாம் என்று இருந்தபோது 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடல் வந்து பார்த்த மனையை யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த இடத்தில் யாரும் குடிசை போட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒரு குடிசை போட்டுக்கொள்ளும்படி காசியம்மாளிடம் அவர் சொன்னார். காவலுக்குக் கூலி கிடையாது, வேண்டியதை வளர்த்துக்கொள்ளலாம். அடுத்த வருஷத்து ஐப்பசி மழை மணலில் இருந்த உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அதே மழை குடிசையையும் கழுவிக்கொண்டு போனதால் அதற்கு நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பாத்திகளுக்கு அவள் மனை நம்பர்களையே பெயராக வைத்திருந்தாள். “பதினேழாம் நம்பர்ல பூச்சி வுழுந்துட்ச்சி” என்பாள். பதினேழில் கத்தரி இருக்கும். காற்றைத் தடுக்கக் கட்சிக் கூட்டங்கள் முடிந்த பிறகு சாலையோரம் கிடக்கும் பேனர் துணிகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தாள். எல்லாக் கட்சிகளும் அங்கே தோளோடு தோள் நின்று கும்பிட்டபடி கத்தரிச் செடியைக் காவல் காத்தன.

சித்திரையில் மணல் பாதத்தைச் சுட்டுவிடும். தண்ணீருக்குத் துரவு ஒன்று வெட்டியிருந்தாள். மணலைச் சரிவாகத் தோண்டி இறங்கினால் அடியில் ஊறி நிற்கும் குட்டைதான் துரவு. இரண்டு கையிலும் பூவாளியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள், முக்குவாள், ஏறுவாள், ஊற்றுவாள், மறுபடி இறங்குவாள். காலையில் முதல் வாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவது வழக்கம். உப்பின் அளவுக்கு அவளிடம் மூன்று பெயர் இருந்தன: மோர், ரசம், ஊறுகாய். மோர் என்றால் எல்லாவற்றுக்கும் ஊற்றலாம். ரசம் என்றால் கத்தரிக்கும் பூசணிக்கும் மட்டும். ஊறுகாய் என்று முகம் சுளித்தால் அன்றைக்குத் தோட்டம் பட்டினி.

ஆடியில் சாயங்காலக் காற்று கடலைத் துளித்துளியாகக் கொண்டுவந்து இலைகளில் தெளிக்கும். முளைக்கீரையின் ஓரம் தீய்ந்து சுருளும். ஐப்பசி கார்த்திகையில் துரவு வழிந்து பாத்திகளோடு சேர்ந்துகொள்ளும். கீரை வேரோடு அழுகும். விற்க வல்லாரையும் முருங்கைக்கீரையும்தான் மிஞ்சும். தையும் மாசியும் அவள் யாரையும் திட்டாத மாதங்கள். முள்ளங்கி வரும், கொத்தமல்லி வரும், தண்ணீரும் மோராக இருக்கும். மாசி முடிவதற்குள் ரசம் ஆரம்பித்துவிடும்.

அவள் பூச்சிமருந்து அடிக்காததற்குக் காரணம் அவள் புருஷன் வரதன். தொண்ணூறுகளில் வரதன் ஊர் ஊராகப் போய் மருந்து அடித்தவன். முதுகில் டின், வெறும் உடம்பு, வாயில் ஒரு துண்டு. நிதானமான கை என்று பெயர் எடுத்திருந்தான். ஒரு செடி விடாமல் அடிப்பான். ஒருநாள் மத்தியானம் கத்தரி வயலில் சாய்ந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உயிர் இருந்தது, நிதானம் போயிருந்தது. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் மடியில் கொட்டும். மருந்து வாசனை எங்கிருந்து வந்தாலும் குடல் புரண்டு வாந்தி வரும். வாழ்நாள் முழுக்க மாத்திரை. “அடிச்சா இந்தாளு கக்குவாரு. அதான் அடிக்கறதில்ல” என்று அவள் பிரதீபாவிடம் ஒருமுறை சொன்னாள். பிரதீபா அதை எழுதிக்கொண்டாள். பலகையில் எப்படியோ அது பசுவாகிவிட்டது.

மருந்து இல்லாததால் இலையெல்லாம் ஓட்டை. கேளம்பாக்கத்துக் கடைக்காரர்கள் அந்தக் கீரைக்கட்டைக் கையால் தொட மாட்டார்கள். அடுக்குமாடிக்காரர்களோ ஓட்டையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். புழு சாப்பிட்டது என்றால் நம்பிச் சாப்பிடலாம் என்று அவர்களுக்குள் ஒரு முடிவு. ஆகவே அந்தக் குடியிருப்பை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர்கள் வாங்கினால் வரதனுக்கு மாத்திரை. வாங்காவிட்டால் அவள் வெறும் காவல்காரி, அதுவும் சம்பளமில்லாதவள்.

இனி உரம். மணலில் சாணியைப் போட்டால் அடுத்த மழைக்கு அது பாதாளத்துக்குப் போய்விடும். அந்தக் கரையில் தோட்டம் போட்டவர்கள் செய்ததைத்தான் அவளும் செய்தாள்: மீன் போட்டாள். பக்கத்துக் குப்பத்தில் பாப்பா என்று ஒரு மீன்காரி. அவள் வீட்டு வலையில் விலைபோகாத பொடிமீன், நசுங்கிய நண்டு, செதில், குடல் எல்லாம் கூடையில் வரும். பதிலுக்குக் கீரை போகும். சவுக்குச் சருகு ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மேலே மணல். சில மாதம் கழித்துத் தோண்டினால் டீத்தூள் மாதிரிக் கறுப்பாக, நாற்றமே இல்லாமல் ஒன்று கிடைக்கும். அதைப் போட்ட பாத்தியில் தண்டுக்கீரை குழந்தையின் கை மாதிரித் திரண்டு நிற்கும்.

“மாடி வூட்டுக்காரங்க சைவமாமேடி? எம்புருசன் வலையிலதான் சைவம் வளருதுன்னு போய்ச் சொல்லு” என்று பாப்பா கூடையைக் கவிழ்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

“வாய மூடுக்கா. காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது” என்பாள் காசியம்மாள்.

குடியிருப்பில் அவள் இதை மறைத்தாள் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. கேட்ட கேள்விக்கும் உண்மையைச் சொல்லும் வழக்கம் அவ்வளவாக இல்லை. நேற்றுச் சாயங்காலம் பிடுங்கிய கீரையை “இப்பத்தாம்மா புடுங்கினு வரேன்” என்பாள். வயதைக் கேட்டால் கேட்பவரின் வயதைப் பார்த்து ஒன்று சொல்வாள். பாகற்காய் கசக்காது என்றுகூட ஒருவரை நம்பவைத்திருக்கிறாள்.

2007 மாசியில் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் சதாசிவத்தின் மனைவி பிரபாவதி. தென்காசிப் பக்கத்துக்காரி; வாங்குகிறவர்களிலேயே பேரம் பேசாதவள் அவள் ஒருத்திதான். அந்த வாரம் அவள் மாமியாருக்குத் திதி. கடைக்காய் ஆகாது, பூசணி உன் தோட்டத்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சாணியத் தவிர வேற ஒண்ணும் போடலியே காசி? அத்தைக்கு வைக்கிறது. அவுங்க முட்டை வாசம் பட்ட கரண்டியக்கூடத் தொடமாட்டாங்க.”

“சாணிதாம்மா” என்றாள் காசியம்மாள். அவள் யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

மற்றப் பொய்களை அவள் கேளம்பாக்கம் முனை தாண்டுவதற்குள் மறந்துவிடுவாள். இது வீடுவரை வந்தது. அவள் வீட்டிலும் செத்தவர்களுக்குப் படைப்பதுண்டு. அப்பனுக்குக் கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. ஒரு வருஷம் கருவாடு கிடைக்காமல் சாம்பாரை வைத்தார்கள். காக்கா மதில்மேல் உட்கார்ந்து இலையைப் பார்த்ததே தவிர இறங்கவில்லை. செத்தவர்களுக்கும் நாக்கு உண்டு, பிடித்தது பிடிக்காதது உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

பாப்பா சிரித்தாள். இத்தனை நாள் அந்தக் குடும்பமே மீன் எரு போட்ட கீரையைத்தானே தின்றது, கிழவிக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள்.

“உசுரோட கீறவங்க கேக்கலாம், பாக்கலாம், வோணாம்னு தள்ளலாம். அந்தம்மா எப்டிக்கா தள்ளுவாங்க? வெச்சத துன்னுதான ஆவணும்.”

ஆகவே திதிக்கு முந்தின நாள் கேளம்பாக்கம் காய்கறிக் கடையில் ஒரு வெள்ளைப் பூசணி வாங்கினாள். எங்கேயோ விளைந்து, மருந்தில் குளித்து, லாரியில் உருண்டு வந்த காய். உருண்டதில் மேலே இருந்த வெண்பூச்சு தேய்ந்து பச்சையாகப் பளபளத்தது. தோட்டத்துக் காய்க்கு வெண்பூச்சு இருக்க வேண்டுமே. அடுப்புச் சாம்பலைச் சலித்துத் துணியில் கட்டி மெல்லத் தட்டித் தட்டிப் பூசினாள். மறுநாள் சதாசிவம் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

“திருநீறு பூசின மாதிரி இருக்கு பாரு. இது கடையில கிடைக்குமா?”

“கெடைக்காது சார்” என்றாள்.

திதி நல்லபடியாக நடந்தது. காக்காயும் உடனே வந்ததாம். பிரபாவதி அதை லிஃப்டில் நாலு பேரிடம் சொன்னாள். அடுத்த அமாவாசைக்கு மேலும் சில வீடுகள் காசியம்மாளிடம் காய் கேட்டன. பூசணி, அவரை, கொத்தவரை, வாழைக்காய். எல்லாம் உன் தோட்டத்ததாக இருக்கட்டும் என்றார்கள். அவள் தோட்டத்தில் வாழையே கிடையாது. இப்படியாக, மாதம் ஒருமுறை அந்தக் குடியிருப்பின் தூய இயற்கை விவசாயி கடைவீதியில் மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரன் அவளைக் கண்டுகொண்டான். “தோட்டத்துக்காரம்மா வந்துட்டாங்க, தோட்டத்துக்குக் காய் போடுங்கடா” என்பான்.

சிக்கல் அந்த மூட்டையை வைக்கும் இடத்தில் வந்தது. அமாவாசைக்குச் சமைப்பவர்களுக்கு விடிந்ததும் காய் வேண்டும். அந்நேரத்துக்குக் கடை திறக்காது. முந்தின சாயங்காலமே வாங்கி வீட்டில் வைத்தாக வேண்டும். திதிப் பூசணி ஒன்றும் செய்யவில்லை; மூட்டையை வீட்டில் வைத்த முதல் தடவையே வரதன் வாந்தி எடுத்தான். அவரைக்காயில் இருந்த மருந்து வாசனை மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்குக் குடிசை முழுக்க நின்றது. பாப்பாவின் வீட்டில் வைத்தால் மீன் நாற்றம் ஏறிவிடும், செய்த காரியமே வீண். சவுக்கு மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். கடல் காற்று மரத்தைத் தடவிக்கொண்டு நேரே குடிசைக்குள்தான் வந்தது.

ஆடி அமாவாசைக்கு மூட்டை பெரிது. வரதன் இரண்டு நாள் எதையும் வயிற்றில் நிறுத்தவில்லை. போட்ட மாத்திரையும் கஞ்சியோடு வெளியே வந்தது. படுத்தபடியே கேட்டான்.

“இன்னா காசி, மருந்து அடிக்க ஆரம்பிச்சிட்டியா?”

“அடிக்கலயா. கடையில வாங்கினது அது. மாடி வூட்டுக்காரங்களுக்கு.”

“தோட்டம் வெச்சிகினு எவளாச்சும் கடையில காய் வாங்குவாளா?”

வருஷத்தில் ஒருமுறை அவள் வாயில் வரும் உண்மை, அதுவும் செல்லுபடியாகவில்லை. தேறி எழுந்த பிறகு வரதன் தோட்டத்துக்குள் போனான். நடுங்கும் விரலால் ஒவ்வொரு இலையாகத் திருப்பி முகர்ந்து பார்த்தான். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் சந்தேகம் தீரவும் இல்லை. அன்றிலிருந்து அவள் கீரை கடைந்து வைத்தால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றான். பலகையில் எழுதியிருந்ததைப் படிக்காமலே நம்பியிருந்த ஒரே ஆள் அவன்தான்.

புரட்டாசி வந்தது. மகாளய அமாவாசை. ஏறக்குறையக் குடியிருப்பு முழுவதுமே அவளிடம் சொல்லிவைத்திருந்தது. தோட்டத்தில் அவளுடைய சொந்தப் பூசணிகள் அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தன. வெண்பூச்சு விரலில் ஒட்டும்படி முற்றிக் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் முந்தின நாள் கேளம்பாக்கத்துக்குக் கிளம்பினாள். கையில் மடித்த கோணிகளைப் பார்த்துவிட்டு வரதன் வாசலில் இருந்து சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“என் கையப் பாத்துகினே அடிக்கிற பாரு.”

பதில் சொல்லிப் பார்த்தாயிற்று; அவள் கோணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். கடைவரை போனாள். கடைக்காரன் அவள் பங்கை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தான். மூட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இதைத் தூக்கிப் போனால் நாளைக்கு மாத்திரை வாங்கலாம். ஆனால் இது வீட்டுக்குள் வந்தால் வரதன் வயிற்றில் மாத்திரை நிற்காது. கணக்கு அவ்வளவுதான் என்று அவள் பிறகு பாப்பாவிடம் சொன்னாள். கணக்கு மட்டும்தான் என்றால் ஆடியிலேயே முடிந்திருக்கும்; பாப்பா அதைச் சொல்லிக் காட்டவில்லை. கடைக்காரன் கூப்பிடக் கூப்பிட, வெறும் கோணியோடு திரும்பினாள்.

அமாவாசை காலையில், வழக்கமாக அவள் கீரைக்கட்டு ஏற்றும் ஸ்டான்லியின் ஷேர் ஆட்டோவில் அவள் தோட்டத்துப் பூசணிகள் ஏறின. குடியிருப்பின் தரைத்தளத்தில் கோணியை விரித்து வரிசையாக அடுக்கினாள். அன்று டீயும் இல்லை, பொறையும் இல்லை. குளித்த தலையோடு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பிரபாவதி முதலில் வந்து குனிந்தாள்.

“இரும்மா. சொல்லிட்றேன்” என்றாள் காசியம்மாள். “இது எந்தோட்டத்துக் காய். மீன் எரு போட்டு வளந்தது. கீரையும் அப்டித்தான், எப்பவும். இதுக்கு முன்னால அமாவாசைக்குக் குடுத்ததெல்லாம் கடைக்காய். அதுல மீன் இல்ல, மருந்து கீது. எது வோணும்னு நீங்களே சொல்லுங்க.”

எது வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் பிரதீபா. மீன் போட்டதில் தப்பே இல்லை, வெளிநாட்டிலெல்லாம் போடுகிறார்கள், ஆனால் மருந்தடித்த கடைக்காயை எப்படி எங்கள் தலையில் கட்டலாம் என்று கொதித்தாள். இரண்டாம் மாடி அம்மாளுக்குக் கடைக்காய் பெரிய விஷயமில்லை. ஊரே அதைத்தான் தின்கிறது. ஆனால் இத்தனை நாள் மீனையா சாப்பிட்டோம் என்று முந்தானையால் வாயைத் துடைத்தாள். ஆளுக்கொரு பாதியை மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். எந்தப் பாதி என்பதில்தான் ஒருவரோடு ஒருவர் ஒத்துவரவில்லை.

பிரபாவதி அதில் எல்லாம் சேரவில்லை. கூட்டம் சற்று விலகிய பிறகு பக்கத்தில் வந்து கேட்டாள்.

“அத்தைக்கு வச்சது?”

“கடைக்காய்மா. மீன் படல.”

பிரபாவதியின் முகம் ஒரு கணம் நிம்மதியில் தளர்ந்தது. தளர்ந்ததை உணர்ந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. “என்கிட்ட சாணின்னுதானே சொன்ன” என்றாள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் திறந்தே இருந்தும் படியேறிப் போனாள்.

சதாசிவம் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுவரை ‘வா, போ’ என்று பேசியவர் அன்றைக்கு மரியாதைக்கு மாறினார். “இனிமே நீங்க வரவேண்டாம்மா” என்றார். பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் திருப்பி மாட்டச் சொன்னார். அமாவாசைச் சமையல் காத்திருக்காது. ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கடை எப்போது திறக்கும் என்று விசாரித்தபடி கேளம்பாக்கம் பக்கம் விரைந்தார்கள். அங்கே கட்டி வைத்து விற்காமல் போன மூட்டைகள் அவர்களுக்கு உதவியிருக்கும்.

ஸ்டான்லி வெளியே காத்திருந்தான். காய்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு முனைவரை வந்ததும் வண்டியை ஓரம் கட்டினான். இன்றைக்குக் கடைக்காரன், லாரிக்காரன், ஆட்டோக்காரன் எல்லாருக்கும் கண்ணேறு கழித்து உடைக்கப் பூசணி வேண்டும், இங்கேயே உட்கார், உரம் என்னவென்று எவனும் கேட்க மாட்டான் என்றான். சொல்லிவிட்டு முதல் காயைத் தானே எடுத்துக்கொண்டான். அவன் வண்டிக் கண்ணாடியில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. காசியம்மாள் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கர்த்தர் ஆளுங்களப் பாத்துக்குவாரு யக்கா. டயருக்கு இது” என்றான்.

அவன் சொன்னபடியே வாங்கினார்கள். பக்கத்துக் கடையில் கத்தியும் குங்குமமும் வாங்கி, காயின் மேலே சதுரமாக வெட்டித் திறந்து, குங்குமத்தைக் கொட்டிக் கலக்கி, வெட்டிய மூடியைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தாள். அவள் கை முழங்கைவரை சிவந்தது. யாரும் எந்த மாட்டுச் சாணி என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்றும் கேட்கவில்லை. பேரம் பேசினார்கள், வாங்கினார்கள், கற்பூரத்தை மேலே வைத்துச் சுற்றினார்கள், அவள் கண்ணெதிரிலேயே சாலையில் போட்டு உடைத்தார்கள். சித்திரையில் ரசத்தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய கொடியில் காய்த்தவை, ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையில் வெள்ளையாக வாய் பிளந்து கிடந்தன. படூர் பஸ் அவற்றின் மேல் ஏறிப் போனது.

மத்தியானத்துக்குள் கோணி காலியாயிற்று. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் கீரையை யாருக்குக் கொண்டுபோவாய் என்று ஸ்டான்லி கேட்டான். அவள் கோணியை உதறி மடித்தாள். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றான். அவள் எழுந்து சாலைக்குள் இறங்கினாள். கண்ணேறு கழித்த காயை ஜனங்கள் மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். லாட்டரிச் சீட்டுக் கடையாக இருந்து செல்போன் கடையாக மாறிய இடத்திலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

“யம்மா, உடைச்சது அது. தொடாத, ஆவாது.”

காசியம்மாள் நடுச்சாலையில் குந்தினாள். பஸ் ஏறாத துண்டுகளாகப் பார்த்து எடுத்து, குங்குமம் படிந்த சதைக்குள் விரலை விட்டு, முற்றிய விதைகளை வழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.